கிட்டத்தான் என்று சொல்லிப் போனவருக்கு

இஞ்சேருங்கோ,

காணாமல் போன என்னுடைய ஒடியல் மா இன்றைக்கு அகப்பட்டுவிட்டது.

காலையில் கராஜுக்குள் போய் உங்கள் தூண்டில் பெட்டியைத் திறந்தேன். மகள்தான் கொஞ்ச நாளாக "அம்மா, அந்த பாக்ஸை என்ன செய்யப் போறீங்கள்?" என்று அரித்துக்கொண்டிருந்தாள். மூடியைத் தூக்கியதும் முதலில் மீன் வெடுக்கு முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால் மெல்ல, காய்ந்த பனங்கிழங்கு வாசம். ஈயக் குண்டுகளையும் நைலோன் கட்டுகளையும் விலக்கிப் பார்த்தால், ஒரு பொலித்தீன் பை, ரப்பர் பான்ட் போட்டு இறுக்கிக் கட்டியபடி. அக்கா ஊரிலிருந்து ஒரு மனிசியிடம் கொடுத்து அனுப்பிய மா. வந்தது பாதிதான், மிச்சத்தை அவள் எடுத்துவிட்டாள் என்று நினைத்து நான் அந்த மனிசியோடு எத்தனை நாள் கதைக்காமல் இருந்தேன்! நீங்களும் பக்கத்தில் நின்று, "உந்தச் சனத்தை நம்பேலாது" என்று தலையை ஆட்டினீர்கள். கள்ளன்.

கராஜிலேயே நின்று உங்களை வாய்க்கு வந்தபடி பேசினேன். செத்த மனிதரை ஏசக் கூடாதாம். ஏசாமல் இருப்பதற்கு நீங்கள் ஒழுங்காகச் சாகவும் இல்லையே.

மா எதற்கு என்று எனக்குத் தெரியும். கெண்டைக்கு. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பெரிய கண்டுபிடிப்புப் போலச் சொன்னீர்கள். "இஞ்சேரும், வெள்ளைக்காரன் சோளத்தைக் குத்திப்போட்டு நாள் முழுக்கக் காத்துக்கொண்டு நிக்கிறான். ஒடியல் மாவைக் குழைச்சு உருட்டிப் போட்டா, கனடாக் கெண்டை கியூவிலை வருது." எங்கே எடுத்த மா என்று கேட்டேன். தமிழ்க்கடையில் வாங்கியது என்றீர்கள். நீங்கள் எனக்குச் சொன்ன பொய்களில் அது சின்னது. எனக்கு அதனால் ஒடியல் கூழ் ஒரு மாரிகாலத்துக்கு இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

ஊரில் உங்களுக்குக் கடல் தெரியாது. தோட்டக்காரக் குடும்பம். வெங்காயம் தெரியும், புகையிலை தெரியும். தூண்டிலை நீங்கள் முதன்முதலில் தொட்டதே இங்கே வந்து, ரெக்ஸ்டேலில் பாண் பக்டரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். அங்கே உங்களோடு வேலை செய்த மன்னார் அண்ணைக்குத்தான் கடல் இரத்தத்தில் இருந்தது. அவர் உங்களை முதல்முறை ஹம்பர் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போன நாள், நீங்கள் வீசிய முள் உங்கள் தொப்பியிலேயே கொழுவி, தொப்பி ஆற்றில் போனது. "அண்டைக்குத் தொப்பியைத்தான் பிடிச்சவன். அதுவும் அளவு காணாது எண்டு விட்டுட்டான்" என்று மன்னார் அண்ணை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிறகு நீங்கள் அவரையே மிஞ்சிவிட்டீர்கள். அது அவருக்கும் பெருமைதான்.

உங்களிடம் தூண்டில் பிடிக்கப் பழகாத ஆள் எங்கள் பக்கத்தில் குறைவு. கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகூடப் பாடம் எடுப்பீர்கள். விடப்போகிற மீனைக் காய்ந்த கையால் தொடாதே, கையை நனைத்துவிட்டுப் பிடி. உன் நிழல் தண்ணீரில் விழுந்தால் நீ வீட்டுக்குப் போகலாம். காற்று எந்தக் கரைக்கு அடிக்கிறதோ அந்தக் கரையில் நில், முகத்தில் குளிர் அடித்தால் பொறுத்துக்கொள், மீனின் சாப்பாடும் அங்கேதான் ஒதுங்கும். புழுவை ஈரப் பேப்பரில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வை. இதில் கடைசிப் பாடம் என்னுடைய குளிர்ப்பெட்டியில் நடந்தது. கறிவேப்பிலைப் பையென்று நினைத்துப் புழுப் பையை அவிழ்த்த என் கூச்சல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "கத்தாதையும், புழு பயந்திடும்" என்றீர்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது தேத்தண்ணிப் பாடம். மழைக்குப் பிறகு ஆற்றைப் பார்க்க வேண்டுமாம். "தண்ணி பிளேன்ரீ நிறத்திலை இருந்தா தூண்டிலைப் போடு. பால்தேத்தண்ணி நிறத்திலை இருந்தா வீட்டை போய்த் தேத்தண்ணியைக் குடி." இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. இப்போதும் தேத்தண்ணி ஊற்றும்போது நிறத்தைப் பார்க்கிறேன். என்ன செய்ய, பழகிப்போய்விட்டது.

பிறகு இன்னொரு பாடம் இருந்தது. "கரையிலை கறுத்த கல்லிலை கால் வைக்காதை. ஈரமில்லை மாதிரி இருக்கும், ஆனா பாசி." இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்? மருமகனுக்குச் சொன்னீர்கள். மன்னார் அண்ணைக்கே சொன்னீர்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

எல்லாப் பாடமும் இலவசம், இடத்தை மட்டும் சொல்லமாட்டீர்கள். மற்றவர்கள் போகிற ஹம்பரும் விட்பித் துறைமுகமும் வேறு. உங்களுக்கென்று ஒரு இடம் வைத்திருந்தீர்கள். அங்கேயிருந்து வரும் மீன் மினுமினு என்று இருக்கும். கேட்டால், "மீனை வேணுமெண்டா தாறன், இடத்தைக் கேக்காதையுங்கோ" என்று சிரிப்பீர்கள். மன்னார் அண்ணை ஒரு தடவை காரில் உங்களுக்குப் பின்னால் வரப் பார்த்தார். நீங்கள் ஒரு கோப்பிக் கடைக்குள் போய், அவர் அலுத்துப்போய்த் திரும்பும்வரை அங்கேயே இருந்துவிட்டு வந்தீர்கள். அதை என்னிடம் வீரக்கதை போலச் சொன்னீர்கள். நானும் சிரித்தேன்.

இதெல்லாம் மீன்பிடிக்கிறவர்களின் வழக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் எங்களுக்கு அதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது. வெளிக்கிட்டவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போன காரியம் சரிவராது. கல்யாணமான புதிதில் ஒருநாள் வாய் தவறி, "எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வந்து இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரும்ப வெளிக்கிட்டீர்கள். அன்றைக்கு ஒரு மீனும் படவில்லை. அதற்கும் நான்தான் காரணம்.

அதற்குப் பிறகு நான் என் அம்மா கேட்டது போலத்தான் கேட்டேன்: "தூரமோ?"

நீங்கள் என் அப்பா சொன்னது போலச் சொன்னீர்கள்: "கிட்டத்தான்."

நடந்து போகிற ஹம்பர் ஆறும் கிட்டத்தான். ஒரு மணித்தியாலம் கார் ஓட வேண்டிய இடமும் கிட்டத்தான். சிம்கோ ஏரிக்கு ஐஸில் துளைபோட்டு மீன் பிடிக்கப் போனபோதும் கிட்டத்தான். அது ஒரு மறுமொழியே இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தும்மினால் சொல்கிற சொல் போல அது ஒரு சத்தம். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவேன்.

நீங்கள் மான் வேட்டை பார்க்கப் போன கதை நினைவிருக்கிறதா? பக்டரியில் உங்களோடு வேலை செய்த வெள்ளைக்காரன் வடக்கே காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். உங்களிடம் துவக்கும் இல்லை, லைசென்ஸும் இல்லை, சும்மா பக்கத்தில் இருந்து பார்க்கத்தான். காற்று மான் இருக்கிற பக்கத்திலிருந்து தங்கள் முகத்துக்கு அடிக்கவேண்டும், மறந்தும் வாசம் காட்டக் கூடாது என்று அவன் சொல்லிக் கொடுத்தானாம். விடியக் குளிரில் அசையாமல் இருந்த நீங்கள், தடிமன் வருகிறதென்று நான் பிளாஸ்கில் விட்டுத் தந்த மிளகு ரசத்தைத் திறந்தீர்கள். மானென்ன, அந்தக் காட்டில் கரடி இருந்திருந்தாலும் போயிருக்கும். அவன் உங்களை ஏசவில்லை, தனக்கும் ஒரு வாய் தரச் சொன்னான் என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்தக் கதையின் மிச்சத்தைத்தான் நான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள். "உவனுக்கு ஒரு விசர். வெளிக்கிடேக்கை மனிசியைக் கூப்பிட்டு, எந்த ரோட்டு, எந்தப் பக்கக் காடு, எத்தினை மணிக்கு வருவன், வராட்டி ஆருக்குப் போன் பண்ண வேணும் எண்டு எல்லாம் ஒப்புவிக்கிறான்."

"நல்ல பழக்கம்தானே" என்றேன்.

"அதுதான் ஒரு மானும் கிடைக்கேல்லை."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்கள் எப்போதும் இப்படித்தான். சொல்ல வேண்டிய ஒன்றை நான் சொல்ல வாயெடுக்கும்போது ஒரு பகிடியை விட்டு வாயை அடைத்துவிடுவீர்கள். உங்கள் பகிடியை நம்பித்தான் நான் கெட்டேன்.

போன வருஷம் சித்திரை. ஐஸ் கரைந்து, ட்ரவுட் மீன் ஆறேறத் தொடங்கிய நேரம். விடிய எழும்பிப் புழுப் பையை எடுத்தீர்கள். போனை வழக்கம்போலக் குளிர்ப்பெட்டிக்கு மேலே வைத்தீர்கள், மீனுக்கு ரிங்டோன் பிடிக்காதாம். நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். கை மாவாக இருந்ததால் கதவடிக்கு வரவில்லை. குசினியிலிருந்தே கேட்டேன், "தூரமோ?"

"கிட்டத்தான். போட்டு வாறன்."

பின்னேரம் வரை நான் கவலைப்படவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியது. வெளியில் இருளத் தொடங்கியதும் மகளுக்குப் போன் பண்ணினேன். அவள் விட்பியிலிருந்து வேலை உடுப்போடு ஓடி வந்தாள். மன்னார் அண்ணை வந்தார். பொலிஸும் வந்தது.

வந்தவன் சின்னப் பொடியன், மரியாதையாகத்தான் கதைத்தான். எங்கே போனவர் என்று கேட்டான்.

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, ஜஸ்ட் டெல் மீ. அப்பா எங்கை போனவர்?"

"கிட்டத்தான் எண்டு சொன்னவர்."

அவள் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள், கிளோஸ் பை என்று. அவன் எழுதினான். எவ்வளவு கிட்ட என்று கேட்டான். மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, கிட்ட எண்டா எவ்வளவு கிட்ட? ஹம்பரா? காரிலை எவ்வளவு நேரம்?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை."

"நீங்கள் கேக்கேல்லையா?"

"போறவரை எங்கை எண்டு கேக்கக் கூடாது."

இவ்வளவு வருஷம் இந்த நாட்டில் இருந்து, நான் வெட்கப்பட்ட நேரங்கள் எத்தனையோ உண்டு. அதைப் போல ஒன்று இல்லை. மகள் பொலிஸ் பக்கம் திரும்பி, "இன் அவர் கல்ச்சர் யூ டோன்ட் ஆஸ்க். இட்ஸ் பாட் லக்" என்றாள். அந்தப் பொடியன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் பாவம் பார்த்தான்.

கிட்டத்தான் என்ற அந்த ஒரு சொல்லை நம்பி எல்லாரும் கிட்டத்தான் தேடினார்கள். ஹம்பர் ஆற்றுக்கரை முழுக்கத் தேடினார்கள். கோயில் ஆட்கள் டோர்ச் லைட் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மன்னார் அண்ணை தண்ணீருக்குள் இறங்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த இரவைப் பற்றி நான் எழுத மாட்டேன். அடுத்த நாள் காலை, ஒஷாவாவுக்கும் அங்கால், ஒரு சின்ன ஆறு ஏரியில் விழுகிற இடத்தில், நாயை உலாத்தக் கொண்டுபோன ஒரு வெள்ளைக்கார மனிசி உங்களைக் கண்டாள்.

கறுத்த கல். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. எழும்ப முடியவில்லை, பாதி உடம்பு தண்ணீரில். குளிர்தான் கொண்டுபோனது, உடனே நடக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு நேரம் உயிரோடு இருந்திருப்பார் என்று மகள் கேட்டாள். அவர் சொன்ன மறுமொழியை அவள் எனக்குத் தமிழில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் விளங்கும்.

மகளின் வீடு விட்பியில். அங்கேயிருந்து நீங்கள் கிடந்த இடம் ஒரு ஊர் தள்ளித்தான். உங்களுக்குக் கிட்ட இருந்த ஒரே ஆளை, கிட்டத்தான் என்று நீங்கள் சொன்ன சொல்லை நம்பி, நான் ரெக்ஸ்டேல் வீட்டுக்குக் கூப்பிட்டேன். இதற்கு நான் பழி ஏற்க மாட்டேன். ஏற்கச் சொல்லி ஒருவரும் கேட்கவுமில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். கேட்காதே என்றது நீங்கள். போனை வைத்துவிட்டுப் போனது நீங்கள். கட்டிய மனிசிக்கும் பெற்ற பிள்ளைக்கும் ஒரு மீன் இடத்தை ஒளித்தது நீங்கள். அந்தக் குளிரில் கிடந்து எங்களைக் கூப்பிட்டிருப்பீர்கள். எங்கே என்று தெரியாதவர்களைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம்?

செத்தவீட்டுக்கு வந்த சனம், "குடுத்து வைச்ச மனுசன், விருப்பமான இடத்திலை போயிட்டார்" என்று சொன்னது. ஒருத்தர் இல்லை, வந்தவர்களில் பாதிப்பேர். குளிரில் விறைத்துக் கிடப்பது எந்த மனிசனுக்கு விருப்பம் என்று ஒரு அன்ரியிடம் கேட்டுவிட்டேன். அவ பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரவில்லை.

மன்னார் அண்ணை மட்டும் அப்படி எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் போன பிறகு வந்து இருந்தார். "தங்கச்சி, எங்கடை ஊரிலையும் கடலுக்குப் போறவனை எங்கை எண்டு கேக்கமாட்டம். ஆனா எவன் எந்தப் பக்கம் வள்ளம் விட்டவன் எண்டு கரையிலை நிக்கிற முழுச் சனத்துக்கும் தெரியும். அங்கை கரை பாத்துக்கொண்டு நிக்கும். இஞ்சை கரையிலை ஆர் இருக்கினம்?" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் கிட்டத்தான் எண்டுதான் சொன்னவன், மடையன்" என்றார். உங்கள் செத்தவீட்டில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது அந்த மடையன் என்ற சொல்தான்.

இப்போது நான் எல்லாரையும் கேட்கிறேன். கதவடியில் நின்று, முகத்துக்கு நேரே, "எங்கை போறாய்? எந்த ரோட்டு? எப்ப வருவாய்?" மருமகன் பால் வாங்கப் போனாலும் கேட்கிறேன். எந்தக் கடை என்று சொன்ன பிறகுதான் விடுகிறேன். போன மாதம் மச்சாள் குடும்பம் இங்கே வந்து, மகனுக்குப் பெண் பார்க்கத் தட்டத்தோடு வெளிக்கிட்டது. "எங்கை போறியள்?" என்று கேட்டேன். மச்சாளின் முகம் கறுத்துப் போனது. திரும்பி வந்து இருந்து, தண்ணீர் குடித்து, திரும்ப வெளிக்கிட்டார்கள். திரும்ப வெளிக்கிடும்போதும் கேட்டேன். எனக்கு விசர் பிடித்துவிட்டதாக இப்போது சொந்தத்துக்குள் கதை. சொல்லட்டும். அந்தக் கல்யாணம் சரிவந்துவிட்டது, அதை மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

இன்றைக்கு மகள் வந்தது பெட்டியை மன்னார் அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுக்கத்தான். நான் மாப் பையை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றேன். அவள் முன்பே இரண்டொரு தடவை தனியாகப் போயிருக்கிறாள். நான் போகவே மாட்டேன் என்று இருந்தேன்.

"ஆர் யூ ஷுவர், அம்மா?"

"ஓம். வெளிக்கிடு."

பக்கத்து வீட்டு அண்ணை குப்பைப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். எங்களைக் கண்டதும் வழக்கம்போல, "என்ன தங்கச்சி, தூரமோ?" என்றார். உங்களுடைய சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். "ஒஷாவாவுக்கும் அங்காலை அண்ணை. இவளின்டை அப்பா விழுந்த இடத்துக்கு. மகளோடை போறன். இருட்ட முதல் வந்திடுவம், வராட்டி மருமகனுக்கு அடியுங்கோ" என்றேன். மனிசன் பெட்டியின் பிடியை விடாமல் அப்படியே நின்றார்.

அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்சம் நாணல், காற்று, ஏரி. நேற்றைய மழையில் ஆறு பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. நல்ல நிறம். உங்களுக்குச் சந்தோசமாக இருந்திருக்கும். கறுத்த கல்லெல்லாம் காய்ந்தது போலத்தான் தெரிந்தது, மகள் என் கையை விடவில்லை. நான் அழவில்லை. அழுவேன் என்று நினைத்துத்தான் போனேன், கோபம்தான் வந்தது. மாவையும் அங்கே தண்ணீரில் போடவில்லை. மகள், "போடுங்கோவன் அம்மா, அப்பாக்காக" என்றாள். அது என்னுடைய மா. மணந்து பார்த்தேன், பழுதாகவில்லை. மீன் வெடுக்கு ஏறியிருக்கிறது, கூழுக்கு அதுவும் நல்லதுதான். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாளைக்குக் கூழ் காய்ச்சி, நான் கதைக்காமல் விட்ட அந்த மனிசியைக் கூப்பிட்டுக் கொடுக்கப் போகிறேன்.

ஒன்று சொல்லத்தான் இதை எழுத இருந்தேன். போகும்போதும் வரும்போதும் நான் கண் மூடவில்லை. நீங்கள் அன்றைக்குத் தனியாக ஓடிய ரோட்டு முழுவதையும் பார்த்தேன். நகரம் முடிந்தது, மகளின் விட்பி வந்து போனது, ஒஷாவா வந்து போனது, பிறகு வெறும் வயல், பிறகு கல் ரோட்டு. இன்னும் இல்லையா, இன்னும் இல்லையா என்று நான் மகளைக் கேட்டுக்கொண்டே போனேன்.

இஞ்சேருங்கோ, அது கிட்ட இல்லை. தூரம்.